கறுப்பு வயர் பக்கமிருந்து மூன்றாவது

மார்ச் 3

பட்டறை உரிமையாளர் அவர்களுக்கு,

தங்கள் லாரி நேற்று மதியம் ஆலைக்கு வந்து சேர்ந்தது. கழித்து அனுப்பிய பேட்டரி மாட்யூல்கள் மொத்தம் நாற்பத்தாறு. அவற்றில் ஒன்பதின் முனைகளில் டேப் ஒட்டப்படவில்லை. லாரி குலுங்கும்போது ஒன்றின் முனை இன்னொன்றின் முனையைத் தொட்டால் என்ன ஆகும் என்று நான் எழுதித்தான் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. பதினொரு வருடம் தங்கள் பட்டறையில் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். வந்த சரக்கைச் சோதிப்பவன் என்ற முறையில் இதை எழுதுவது என் கடமை. அண்ணன் என்ற முறையில் எழுத எதுவும் இல்லை.

இத்துடன் முடித்திருக்க வேண்டும். தாள் மிச்சமிருக்கிறது.

உன் அழைப்புகளை நான் எடுப்பதில்லை என்று ஓட்டுநரிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். ஃபோனில் நீ பேசுவாய், நான் கேட்பேன். வீட்டிலும் அப்படித்தான், பட்டறையிலும் அப்படித்தான். தாளில் அது நடக்காது. அதனால் சரக்குச் சீட்டு வைக்கும் பையில் இதையும் போட்டு அனுப்புகிறேன். கொடுத்தபோது ஓட்டுநர், "நான் ஓட்டறது லாரியா, தபால் வண்டியா சார்? உடன்பொறந்தவங்க சண்டைக்கு நடுவுல என்னைக் கோத்து விடறீங்களே" என்றார். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருகிறவர். அவர் தாங்குவார்.

நீ வந்து பார்க்கப்போவதில்லை, ஆகவே சொல்கிறேன். சரக்கு ஓடும் பெல்ட்டின் தலைமாட்டில் ஒரு தராசு. தராசுக்குப் பக்கத்தில் நான். மின்வேதியியலில் முதல் வகுப்பு, ஆறு வருடக் கல்லூரிப் பாடம், உன் பட்டறையில் பதினொரு வருடம். எல்லாம் சேர்ந்து இங்கே எனக்குக் கிடைத்த பெயர் 'எடை போடறவர்'. நான் எடை போட்டதை மெஷின் நொறுக்குகிறது. மறுமுனையில் கருந்தூளாக விழுகிறது. அதிலிருந்து உலோகத்தைப் பிரித்துப் புதுப் பேட்டரி செய்ய அனுப்புகிறார்கள். எதுவும் வீணாவதில்லை என்று வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. பேட்டரியைச் சொல்கிறார்கள். ஆட்களைப் பற்றி அந்தப் பலகையில் ஒன்றுமில்லை.

அக்டோபரில் எட்டுப் பேர் எதிரில், சரக்கு வாங்க வந்த அந்நியர் எதிரில், என்னைக் காட்டி நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "இவர்தான் எங்க தாலாட்டு. பேட்டரியை ரெண்டு வாரம் தூங்க வெச்சுப் பார்ப்பார். இனிமே அந்தத் தொல்லை இல்ல, சோதிக்கிற புது மெஷின் நாலே நிமிஷத்துல சொல்லிடும்." எல்லோரும் சிரித்தார்கள். அந்த அந்நியர் என் தோளில் தட்டினார். முழுதாக மின்னேற்றி, யாரும் தொடாமல் பதினான்கு நாள் வைத்து, எது தானாக இறங்குகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. உள்ளுக்குள் கசிகிற செல் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். நான்கு நிமிடத்தில் எவனும் உண்மை சொல்வதில்லை, செல் மட்டும் சொல்லுமா?

பின்குறிப்பு: வந்த நாற்பத்தாறில் ஒன்றை நொறுக்க விடாமல் எடுத்து என் மேசைக்கடியில் வைத்திருக்கிறேன். ஏன் என்பதைப் பதினான்கு நாள் கழித்துச் சொல்கிறேன்.

— எடை போடுகிறவன்


மார்ச் 16

அண்ணா,

டேப் விஷயத்தில் நீ சொன்னது சரி. ரோல் தீர்ந்துவிட்டது, லாரி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. இந்த முறை நானே உட்கார்ந்து ஒட்டினேன். விரல் நகமெல்லாம் பிசின். திருப்திதானே?

தாலாட்டு என்று உன்னை முதலில் கூப்பிட்டது நான் இல்லை, வெல்டிங்காரர். நீயும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாய், சிரிப்பாய். அன்றைக்கு வெளியாள் எதிரில் சொன்னது தப்பு. நீ போன மறுநாளே எனக்குத் தெரிந்தது. ஆனால் நீ என்ன செய்தாய்? கையிலிருந்த மீட்டரை மேசையில் வைத்தாய், குடையை எடுத்தாய், போய்விட்டாய். எது எங்கே, எது எந்த நிலையில் என்று யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ பாதியில் விட்ட வெள்ளை டாக்சி பேட்டரியைக்கூட, நீ எழுதி வைத்த தாளைப் பார்த்துத்தான் முடித்தோம்.

உன் இடத்துக்கு வந்திருப்பவர் நல்ல பெண். ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர். முனைவர் என்று கூப்பிடுகிறோம். நீ இருந்தால் முதல் நாளே அவரோடு சண்டை போட்டிருப்பாய், மூன்றாம் நாள் உன் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டியிருப்பாய். உன் நாற்காலியில் அவர் உட்காருவதில்லை. நான் சொல்லவில்லை, அவராகவேதான்.

பழைய கார் பேட்டரி மாட்யூல்களை அடுக்கி நாம் கட்டும் பெட்டிகளில் இப்போது முப்பத்தொன்று வெளியே ஓடுகின்றன. கடைகளில், வீடுகளில், ஒரு பல் மருத்துவரிடம். காருக்கு உதவாதது வீட்டுக்கு உதவும் என்று நாம் ஆரம்பித்தபோது சிரித்தவர்கள் இப்போது வரிசையில் நிற்கிறார்கள். இருபத்தெட்டாவது பெட்டி யார் வீட்டில் தெரியுமா? நம் பழைய கட்டடத்து லிஃப்ட்காரர் மாமா. நுரையீரல் போய்விட்டது. ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் பத்து நிமிடம் முடியாது. அங்கே தினமும் மின்சாரம் போகிறது, லிஃப்டும் நின்று ஒரு வருடமாயிற்று. லிஃப்ட் ரிப்பேர் செய்தவர் மூன்றாவது மாடியிலிருந்து இறங்க முடியாமல் கிடக்கிறார். பெட்டியை வைத்த அன்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மாமா உன்னைத்தான் கேட்டார். "அண்ணன்காரன் எங்கே? இன்னும் தலைகீழாத்தான் எண்றானா?" என்றார். எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. உனக்கு ஒன்பது வயதில் லிஃப்டில் மாட்டிக்கொண்டாயே, அது. வெளியிலிருந்து அவர், "அழாதடா, எந்த மாடியில நிக்குது சொல்லு" என்று கத்தினார். நீ "ரெண்டாவது" என்று கத்தினாய். பாவம், கம்பியை எடுத்துக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஓடினார். நீ மூன்றாவதில் இருந்தாய். நாலாவதில் இருக்கிற நம் வீடுதான் ஒன்று, அங்கிருந்துதான் எண்ண வேண்டும் என்று உனக்கு ஒரு சட்டம். அதை ஊரில் வேறு யாருக்கும் சொல்லாததுதான் குறை. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். அத்தை வந்து, "போதும், சிரிச்சே செத்துடாதீங்க" என்று அதட்டினாள்.

இருமல் எப்படி இருக்கிறது? அந்தத் தூளுக்குப் பக்கத்தில் முகமூடி போடுகிறாயா? உனக்குப் பிடிக்காது என்று தெரியும். போடு.

— தங்கச்சி


மார்ச் 18

தங்கைக்கு,

பதினான்கு நாள் முடிந்தது. சொன்னபடி சொல்கிறேன்.

கழிவு என்று நீ அனுப்பிய ஒரு மாட்யூல் கழிவு இல்லை. வந்த அன்றே மீட்டரை வைத்தேன். மாதக்கணக்கில் உன் மூலையில் கிடந்தும் கிட்டத்தட்ட முழுதாக நின்றது. கசிகிற மாட்யூல் இத்தனை நாளில் வற்றியிருக்கும். ஆகவே முழுதாக ஏற்றி, ஆலையில் யாரும் தொடாத என் மேசைக்கடியில், நீயும் உன் முனைவரும் கேலி செய்யும் என் முறைப்படி தூங்க வைத்தேன். ஒரு துளி இறங்கவில்லை. இன்னும் பத்து வருடம் ஒரு வீட்டுக்கு விளக்கெரிக்கக்கூடியது. அதைத்தான் நொறுக்க அனுப்பியிருக்கிறாய்.

இதில் உனக்கு வருத்தம் ஒரு மாட்யூல் போயிற்றே என்பதாக இருக்கலாம். கொஞ்சம் மேலே யோசி. கழிக்க வேண்டியது ஒன்று, நீ கழித்தது வேறொன்று. அப்படியானால் கழித்திருக்க வேண்டியது எங்கே? உன் முப்பத்தொரு பெட்டிகளில் ஒன்றுக்குள் இருக்கிறது. எவர் வீட்டுச் சுவரிலோ, எவர் கடை அலமாரிக்கு அடியிலோ, உள்ளே கசிந்துகொண்டு, மெதுவாகச் சூடேறிக்கொண்டு. போய் உன் நான்கு நிமிட மெஷினைக் கேள். அதற்குத்தான் எல்லாம் தெரியுமே.

கெட்டது எந்த எண் என்று எனக்குத் தெரியும். இங்கே உட்கார்ந்தபடியே சொல்ல முடியும். ஆனால் தாலாட்டின் வார்த்தைக்கு உங்கள் பட்டறையில் என்ன மதிப்பு என்று அக்டோபரில் பார்த்தாயிற்று. மதிப்பு உண்டு என்று யாராவது சொன்னால் நானும் சொல்கிறேன்.

லிஃப்ட்காரர் மாமா கேட்டதாக எழுதியிருந்தாய். நன்றாக இருக்கட்டும்.

— அண்ணன்


மார்ச் 20

அண்ணா,

லாரிக்காகப் பத்து நாள் காத்திருக்க முடியாது. கூரியரில் அனுப்புகிறேன். பதினேழு முறை ஃபோன் செய்தேன். ஆலை அலுவலக எண்ணிலும் செய்தேன். "எடை போடறவர் வரமாட்டேன்றாருங்க, லைன்ல இருக்கீங்களா, வெச்சுடட்டுமா?" என்றாள் ஒருத்தி. இருபது வருடம் போனால் நீயே இதை நினைத்து வெட்கப்படுவாய். இன்றைக்கு வெட்கப்படு, இன்றைக்குத்தான் எனக்குத் தேவை.

அந்த எண்ணைச் சொல்.

எந்த மாட்யூல் எந்தப் பெட்டியில் போயிற்று என்று என்னிடம் பட்டியல் இருக்கிறது. நீ எந்தக் காரின் பேட்டரி, எத்தனாவது மாட்யூல் என்று இரண்டு வார்த்தை சொன்னால் பத்து நிமிடத்தில் போய்க் கழற்றிவிடுவேன். சொல்லாவிட்டால் முப்பத்தொன்றும் கழற்ற வேண்டும். மெஷின் ஒன்றில் பொய் சொல்லியிருந்தால் எதில்தான் உண்மை சொல்லியிருக்கிறது என்று நான் எப்படி நம்புவது? முனைவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, தன் தப்புதான் என்று. "அவர் எழுதினதைக் குடுங்க, நானும் ஒரு தடவை படிக்கறேன்" என்று வாங்கிப் படித்துவிட்டு, "உங்க அண்ணனுக்கு என்மேல கோவமா, உங்கமேலயா?" என்றார்.

மன்னிப்பு வேண்டும் என்கிறாய். அண்ணா, அன்று நான் பேசியது தப்பு. உன்னைக் குறைத்துப் பேசினேன். மன்னித்துவிடு. போதுமா? இதைவிடச் சின்னதாக எனக்கு ஆகத் தெரியாது.

மாமா வீட்டுப் பெட்டியைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ஆக்சிஜன் ஓடுகிற அறை, சுவருக்கு இந்தப் பக்கம் பெட்டி. அங்கே ஒரு பொறி போதும். ஆனால் எடுத்தால் அவருக்கு மின்சாரம் போகும்போது என்ன செய்வது? மாற்றுப் பெட்டி கட்டலாம் என்றால் எந்த மாட்யூலை நம்பிக் கட்டுவது? அவர் பெட்டியில் அது இல்லை என்று மட்டுமாவது எனக்குத் தெரிந்தால் அதைத் தொடமாட்டேன். அதற்காகவாவது சொல்.

கூரியர் ஆளிடம் பதில் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

— தங்கச்சி


மார்ச் 23

தங்கைக்கு,

கூரியர் ஆள் வாசலில் நின்று அவசரப்படுத்தியதால் அன்று பதில் தரவில்லை. யோசித்து எழுத வேண்டிய விஷயம்.

எட்டுப் பேர் எதிரில் சொன்னதற்கு உறைக்குள் மன்னிப்பு. அவமானம் ஊரறிய, வருத்தம் ஒட்டிய கவரில். இது என்ன நியாயம்? கல்லூரியில் நான் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையிலிருந்து என் பெயரை நீக்கிய பேராசிரியரும் இப்படித்தான். தனியாகக் காபி வாங்கிக் கொடுத்து, "மனசுல வெச்சுக்காதப்பா" என்றார். அச்சில் வந்ததை யாரும் திருத்தவில்லை. இருபத்தைந்து வருடமாக மனதில்தான் வைத்திருக்கிறேன்.

மூன்று விஷயங்கள் நடக்க வேண்டும். மெஷினை நிறுத்து. பதினான்கு நாள் சோதனையைத் திரும்பக் கொண்டுவா, கொண்டுவருவதாகப் பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டு. என்னுடைய 18ஆம் தேதிக் கடிதத்தையும் உன் மன்னிப்பையும் அதே எட்டுப் பேரை நிற்க வைத்து, அதே இடத்தில் நின்று சத்தமாகப் படி. படித்தாய் என்று வெல்டிங்காரரை ஒரு வரி எழுதச் சொல். அவர்தானே பெயர் வைத்தவர்.

வரி வந்த அன்றே எண் வரும்.

பெட்டிகளை எடுப்பதும் எடுக்காததும் உன் பொறுப்பு. உரிமையாளர் நீ.

— அண்ணன்


மார்ச் 30

உன் மூன்றும் நடந்தாயிற்று. வெல்டிங்காரர் எழுதிய வரி இத்துடன் இருக்கிறது. அதை நீ தராசுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிக்கொள்ளலாம்.

எண் இனி வேண்டாம். நானே கண்டுபிடித்துவிட்டேன்.

வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள். தாளில் அது முடியும் என்று நீதானே எழுதினாய்.

21ஆம் தேதி மாமா வீட்டுப் பெட்டியை எடுத்தேன். வெல்டிங்காரரும் நானும் மூன்று மாடி ஏறிப் போனோம். அத்தை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "நல்லாத்தானேம்மா ஓடுது? நேத்துகூட ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்ல, அவர் தூங்கிட்டே இருந்தார். எதுக்கு எடுக்கறே?" என்றாள். சோதிக்க என்றேன். "எப்ப திருப்பித் தருவே?" எங்கள் அண்ணன் ஒரு எண் சொன்னதும் என்று சொல்ல முடியுமா? "ரெண்டு நாள்ல அத்தை" என்றேன். மாற்றாக ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று வாங்கி வைத்தேன், நான்கு மணி நேரம் வரும் என்றார்கள், தினமும் நிரப்பிக் கொடுத்தேன். இறக்கும்போது மாமா கட்டிலிலிருந்து கையை ஆட்டினார். "பார்த்து எறக்குங்க, படி ஓரம் உடைஞ்சிருக்கு" என்றார்.

27ஆம் தேதி காலை பத்தரைக்கு எட்டுப் பேரையும் நிற்க வைத்தேன். உன் கடிதத்தைப் படித்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்கள். முனைவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தார். அதே நேரத்தில் மாமா வீட்டில் மின்சாரம் போனது. சாயங்காலம் நாலரைக்குத்தான் வந்தது. சிலிண்டர் இரண்டரைக்குத் தீர்ந்தது. அத்தை ஃபோன் செய்தபோது நான் சுவரில் அறிவிப்பு ஒட்டிக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரை நாற்காலியில் உட்காரவைத்துப் படிவழியாகத் தூக்கினார்கள். முதல் மாடித் திருப்பத்தில் அவர் கை தொங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் கீழேதான் நின்றது. நான் போனபோது அவரை மறுபடி மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

இனி பேட்டரி. மாமா பெட்டியில் கெட்டது எதுவும் இல்லை. எல்லாம் நல்லவை.

கெட்டது தையல்கடைப் பெட்டியில் இருந்தது. அந்தக் கடை மூடி நான்கு மாதம். பெட்டியை யாரும் இணைக்கவே இல்லை, துணி மூட்டைக்கு அடியில் கிடந்தது. நான்கு மாதம் யாரும் தொடாமல். உன் தூக்கச் சோதனை அங்கே தானாக நடந்திருந்தது. திறந்து மீட்டரை வைத்ததும் ஒன்று மட்டும் வற்றியிருந்தது. வெள்ளை டாக்சி, எண் பத்து.

முனைவர் உன் தாளை எடுத்தார். பன்னிரண்டில் மூன்றாவது கழி என்று உன் கையெழுத்து. மாட்யூல்களில் நீ எண் எழுதாமல் போய்விட்டாய். அவர் எல்லோரையும்போலச் சிவப்பு வயர் பக்கமிருந்து ஒன்று, இரண்டு என்று பெயிண்டால் எழுதினார், மூன்றாவதைக் கழித்தார். "மூணு நல்லது, பத்து கெட்டது. இது எப்படிங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குத்தான் லிஃப்ட் ஞாபகம் வந்தது. கறுப்பு வயர் பக்கமிருந்து எண்ணினால் அந்தப் பத்துதான் மூன்று. பதினொரு வருடம் நீ மட்டுமே எண்ணியதால் யாருக்கும் தெரியவில்லை.

நீ நொறுக்காமல் எடுத்து வைத்த அந்த மாட்யூலில் சிவப்புப் பெயிண்டில் 3 என்று இருந்திருக்கும். பார்த்த உடனே உனக்குப் புரிந்திருக்கும். தப்பு செய்தது மெஷின் இல்லை, முனைவர் இல்லை, உன் எண்ணிக்கை என்று. இருந்தும் "மெஷினைக் கேள்" என்று எழுதினாய்.

ஒன்று மட்டும் உனக்குத் தெரிந்திருக்காது. வெள்ளை டாக்சி மாட்யூல்கள் மெஷினுக்குப் போகவே இல்லை. முனைவர் போட்டுப் பார்க்கிறேன் என்றுதான் சொன்னார். "எங்க அண்ணன் கையெழுத்து இருக்கு, அதுக்கு மேல மெஷின் என்ன சொல்லப்போகுது" என்று நான்தான் தடுத்தேன். அக்டோபரில், நீ குடையோடு போன மறு வாரம். அப்போதும் எட்டுப் பேர் இருந்தார்கள். அதை யாரும் உனக்கு எழுதவில்லை.


ஏப்ரல் 1

தங்கைக்கு,

லாரியை நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன். ஓட்டுநர் ஹாரன் அடிக்காமல் இறங்கி நிற்கிறார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நீ எழுதியது எல்லாம் சரி. மார்ச் 2ஆம் தேதி தராசில் அந்தப் பெயிண்ட் மூன்றைப் பார்த்த நிமிடமே புரிந்துவிட்டது. பதினான்கு நாள் வைத்தது சோதிக்க இல்லை, உன்னைக் காக்க வைக்க. பத்து என்று ஒரு சொல். 18ஆம் தேதிக் கடிதத்தில் அதை எழுதவும் செய்தேன். முதல் தாளில் இருந்தது. கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும், உனக்குச் சொல்லவில்லை. அந்தக் கசிவு மிகச் சின்னது. அந்த மாட்யூல் குறைந்தது ஆறு மாதம் யாரையும் ஒன்றும் செய்யாது. மெதுவாக வற்றும், அவ்வளவுதான். அதனால்தான் விளையாடலாம் என்று நினைத்தேன். ஆபத்து இல்லை என்று தெரிந்த ஆள், ஆபத்து என்று எழுதினேன். நீ பயப்பட வேண்டும் என்றுதான் எழுதினேன். நீ பயந்து மாமா வீட்டுப் பெட்டியைத்தான் முதலில் எடுப்பாய் என்று உன் கடிதத்திலேயே இருந்தது. படித்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் வேலை பார்த்தேன்.

மெஷினைப் பற்றி நான் சொன்னது இன்னும் சரிதான். நான்கு நிமிடத்தில் கசிவு தெரியாது. இதை எழுதும்போதே யாரிடம் இதை நிரூபிக்கிறேன் என்று தோன்றுகிறது. பேனா தானாகப் போகிறது.

அந்தக் கடைசி விஷயத்தை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். என் கையெழுத்துக்காக மெஷினைத் தடுத்ததை. ஆறு மாதமாக நான் உயிரோடு இருந்தது நீ என்னை மதிக்கவில்லை என்ற ஒன்றை வைத்துத்தான்.

வெல்டிங்காரர் எழுதிய வரியைத் திருப்பி அனுப்புகிறேன். ஐயா அவர்களுக்கு என்று ஆரம்பித்திருக்கிறார். தாலாட்டு என்றே எழுதியிருக்கலாம்.

லிஃப்ட்காரர் மாமா வீட்டுக்குப் போக வேண்டும். அத்தையிடம் நானே சொல்ல வேண்டும். அவள் என்ன செய்தாலும் சரி. நீ கூட வர வேண்டாம். அந்தக் கட்டடத்துக்குப் போய் முப்பது வருடமாகிறது. மேலிருந்து இரண்டாவது மாடிதானே?

— அண்ணன்


ஏப்ரல் 13

(சரக்குச் சீட்டின் பின்பக்கம்)

மாட்யூல் ஒன்று மட்டும், தனிப் பெட்டியில். எண் 10. உன் கணக்கில் 3. முனைகளில் டேப் ஒட்டியிருக்கிறது. எடை போட்டு, நொறுக்கி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.

நீ கேட்டதற்கு: கீழிருந்து எண்ணிக்கொண்டு போ. மூன்றாவது மாடி. லிஃப்ட் இன்னும் ஓடவில்லை.